கழலையும் குருதிக்குழாயும்: கெடாவில் நின்று பார்க்கும் ஒரு தைராய்டு வரலாறு

தைராய்டு சுரப்பிக்கும் இரத்தக் குழாய்களுக்கும் உள்ள உறவை மருத்துவர்கள் முதலில் அறிந்தது அறுவை மேசையில்தான். கழுத்தின் முன்புறம், மூச்சுக்குழலைத் தழுவியபடி கிடக்கும் இந்தச் சுரப்பி பெரியவர்களுக்கு 15 முதல் 25 கிராம் எடைதான் இருக்கும். ஆனால் எடைக்கு எடை கணக்கிட்டால் சிறுநீரகத்தைவிட அதிக இரத்தம் இதற்குள் பாய்கிறது. வீங்கிக் கழலையாகும்போது இதன் குழாய்கள் இன்னும் பெருகுகின்றன. சில நோயாளிகளின் கழுத்தில் காதுக்குழல் வைத்தால் இரத்தம் ஓடும் இரைச்சலே கேட்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் கழலையில் கத்தி வைக்க அஞ்சியதற்கு முதல் காரணம் இந்த இரத்தப் பெருக்குதான். சுரப்பி தன்னைச் சுற்றி ஏன் இத்தனை குழாய்களை வளர்த்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு மூலக்கூறு அளவில் விடை கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த விடை தைராய்டு ஹார்மோனுக்கும், குழாய்ச் செல்களின் மேல் அமர்ந்திருக்கும் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளுக்கும் இடையே கிடந்தது.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி பெர்ன், இலண்டன், குன்னூர், காங்ரா, ஆல்பனி என்று தொலைவூர்களில் நடந்தது. ஆனாலும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் நின்று பார்த்தால் அதன் ஒழுங்கு தெளிவாகப் புரியும். தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். கடலில் அது நிறைய உண்டு. மழை அரித்த மலை மண்ணில் குறைவு. கெடாவில் இந்த இரண்டு நிலங்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அலோர்ஸ்டார் நகரின் விளிம்பிலுள்ள மெர்கோங்கிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் குவாலா கெடா மீன்பிடித் துறை. சுற்றிலும் கடல்மட்டத்தை ஒட்டிய நெல்வயல்கள். கிழக்கேயும் தெற்கேயும் போகப் போக நிலம் எழுந்து சிக், பாலிங், கூலிம் பக்கத்து மேட்டு நிலமாகிறது. சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய் என்று தமிழர்கள் குடியமர்த்தப்பட்ட பால்மரத் தோட்டங்கள் தென்கெடாவில் அடர்ந்திருந்தன. 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டனின் கைக்கு மாறிய பிறகு இம்மாநிலத்தில் ரப்பர் வேகமாகப் பரவியது. தோட்டத்து லயங்களில் சமைத்த சோறு, பருப்பு, புளிக்குழம்பு ஆகியவற்றில் அயோடின் மிகக் கொஞ்சம். கடலோரத்திலிருந்து வந்த கருவாடும் மீனும்தான் அங்கே இயற்கையான அயோடின் வழி. கடற்கரைச் சமவெளியில் மலைநாட்டுக் கழலை பரவலாகத் தலைகாட்டாததற்கு மீன் உணவு ஒரு வலுவான காரணம்.

1941 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலம் இந்தச் சமநிலையைக் குலைக்கக்கூடிய காலம். அரிசி கிடைக்காமல் மலாயா முழுவதும் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 1943இல் கெடா மீண்டும் சயாமின் ஆட்சிக்கு ஒப்படைக்கப்பட்டது. தோட்டத் தமிழர்கள் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு உயிர்விட்டனர். மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மங்கள் உண்டு. உடல் அவற்றைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. இந்தப் பொருள் தைராய்டு செல்லுக்குள் அயோடைடு நுழையும் வாயிலிலேயே போட்டியிட்டு அதைத் தடுக்கிறது. அயோடின் போதுமான அளவு கிடைத்தால் உடல் இதைச் சமாளித்துவிடும். மீனும் குறைந்து கிழங்கும் கூடினால்தான் கேடு. சரவாக்கின் உள்பகுதிக் கிராமங்களிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் மரவள்ளிக்கும் கழலைக்கும் உள்ள தொடர்பைப் பிற்காலத்து ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அந்தப் போர்க்காலத்தில் தோட்ட மருத்துவமனையின் டிரசருக்கு மலேரியா, கொக்கிப்புழு, சோகை, பேதி என்று அன்றாடம் கொல்லும் நோய்களே கைக்கு அடங்காமல் இருந்தன. தைராய்டு குறைந்து உடல் தளர்ந்த ஒரு பெண் அவர் முன் வந்து நின்றிருந்தாலும், அதைக் கண்டறியும் கருவி அவரிடம் இல்லை. ஹார்மோனை இரத்தத்தில் நுட்பமாக அளக்கும் முறைகள் 1960களில்தான் வந்தன.

அயோடினுக்கும் கழலைக்கும் உள்ள தொடர்பு அதற்கு வெகுமுன்பே ஊகிக்கப்பட்டது. கடற்பாசிச் சாம்பலிலிருந்து 1811இல் பெர்னார் குர்துவா அயோடினைப் பிரித்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜெனீவாவின் ஷான் பிரான்சுவா கொய்ந்தே அதைக் கழலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலருக்கு வீக்கம் வற்றியது. ஆனால் அளவு தெரியாமல் அள்ளிக் கொடுத்ததால் சிலருக்கு நெஞ்சுப் படபடப்பும் மெலிவும் வந்து, மருந்தின் மீதே அவநம்பிக்கை பரவியது. சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருக்கிறது என்பதை 1895இல் ஓய்கன் பாவ்மன் காட்டிய பிறகுதான் ஊகத்துக்கு வேதியியல் அடித்தளம் கிடைத்தது.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சியின் முதல் பெரிய பெயர் ராபர்ட் மெக்கரிசன். 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த இவர், கில்கிட் பள்ளத்தாக்கில் பணியாற்றியபோது ஒரே நீர்க்கால்வாயை அண்டியிருந்த எட்டுக் கிராமங்களை ஆராய்ந்தார். கால்வாயின் மேல்முனையிலிருந்து கீழே போகப் போகக் கழலை கூடிக்கொண்டே சென்றது. நீரிலிருந்த வண்டலை வடித்தெடுத்துத் தானும் குடித்தார், சிலருக்கும் குடிக்கக் கொடுத்தார். பலருக்குச் சுரப்பி வீங்கியது. கொதிக்க வைத்த வண்டலைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. எனவே கழலைக்கு நீரிலுள்ள ஏதோ ஒரு கிருமியே காரணம் என்று முடிவுகட்டினார். முதன்மைக் காரணம் அயோடின் பற்றாக்குறைதான் என்பதைப் பிற்காலம் நிறுவியது. அழுக்கு நீரும் உணவும் அந்தக் குறையின் விளைவைக் கடுமையாக்கலாம் என்ற அளவில் அவர் பார்வையில் ஒரு பகுதி உண்மை தங்கியது. இந்த மெக்கரிசன்தான் பின்னர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பற்றாக்குறை நோய் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1935 வரை அதை வழிநடத்தியவர். நீலகிரி மலையில் அவர் வளர்த்த அந்தச் சிறு கூடம் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்து உணவையும் கொடுத்து ஒப்பிட்டபோது, கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவு சிறந்து நின்றது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசிப் பக்கத்தில் நின்றது. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் அந்தச் சோற்று வழக்கத்தைத்தான் சுமந்து சென்றார்கள்.

அறுவை மேசைக்குத் திரும்பினால், இரத்தப் பெருக்கை அடக்கியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துத் தியோடர் கோச்சர். ஒவ்வொரு குழாயையும் பொறுமையாகப் பிடித்து, கட்டி, பிறகு அறுத்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகள் செய்து, மரண விகிதத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவரது மிகப் பெரிய பங்களிப்பு ஒரு துயரமான கண்டுபிடிப்பு. சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்ட நோயாளிகள் மாதங்கள் போகப் போக முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, அறிவு சுருங்கிப் போனதை 1883இல் அவரே வெளியிட்டார். தன் கையால் விளைந்த தீங்கை மறைக்காமல் பதிவு செய்த அந்த நேர்மையால்தான், தைராய்டு உடலுக்கு எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. 1891இல் நியூகாசலின் ஜார்ஜ் மர்ரே, செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றைத் தைராய்டு வற்றிய ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலம் முழுவதற்கும் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன.

அதே காலத்தில் எதிர்ப்பக்கத்து நோயும் தெளிவடைந்தது. ஹார்மோன் மிகுந்து கண் பிதுங்கி, நாடி விரைந்து, கைகள் நடுங்கும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பி குழாய்களால் நிறைந்து துடிக்கும். 1923இல் மேயோ மருத்துவமனையின் ஹென்றி பிளம்மர், அறுவைக்குச் சில நாட்கள் முன்பு லூகால் அயோடின் கரைசலைக் கொடுத்தால் நோயாளி அமைதியடைவதையும் சுரப்பி இறுகி இரத்தம் குறைவதையும் காட்டினார். அயோடின் குறைந்தாலும் கழலை; அயோடினை அதிகமாகத் தந்தால் சுரப்பி குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. இந்த முரண்பாட்டை அறுவை மருத்துவர்கள் நடைமுறையில் பயன்படுத்திக்கொண்டார்கள். காரணத்தை விளக்க அவர்களால் இயலவில்லை.

ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுத்த நாள் 1914 டிசம்பர் 25. மேயோவில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் படிகமாகக் கண்டார். ஏறத்தாழ மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து பல ஆண்டு உழைப்பில் கிடைத்தது 33 கிராம். அதன் அமைப்பைச் சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் தீர்மானித்து, அடுத்த ஆண்டு ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து செயற்கையாகவே செய்து காட்டினார். ஒரு தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள். 1952இல் ஜாக் கிராசும் ரோசலிண்ட் பிட்-ரிவர்சும் மூன்று அயோடின் கொண்ட இன்னொரு வடிவைக் கண்டனர். சுரப்பி பெரும்பாலும் தைராக்சினைத்தான் ஊற்றுகிறது. திசுக்களில் ஓர் அயோடின் கழன்று, மூன்று அயோடின் கொண்ட வீரிய வடிவம் உண்டாகிறது. செல்லின் உட்கருவில் இந்த வீரிய வடிவமே வேலை செய்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் பொதுப்பாடம். பின்னால் வரும் கதைக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

மூலக்கூறு ஆராய்ச்சி இப்படி வளர்ந்தபோது, பொதுச் சுகாதாரம் உப்பைப் பற்றிக்கொண்டது. இந்தியாவில் அதன் பெருஞ்சோதனை இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் நடந்தது. வி. ராமலிங்கசுவாமி தலைமையில் 1956இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் பகுதி மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் சேர்த்த உப்பு, நடுவில் இருந்ததற்குச் சாதாரண உப்பு. தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் நான்கு பேர் அளவுக்குக் கழலை இருந்தது. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இரண்டு மண்டலங்களிலும் அது பாதிக்கும் கீழே இறங்கியது. சாதாரண உப்பு போன மண்டலத்தில் அசையவில்லை. ஈரமும் வெயிலும் மிகுந்த நாட்டில் அயோடைடைவிட அயோடேட் நிலைத்து நிற்கும் என்பதால், இந்திய உப்புக்கு அயோடேட்டே பொருத்தமாயிற்று. ஒப்பிடுவதற்காக நடு மண்டலத்துப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பாதுகாப்பின்றி விட்டது மனத்தை உறுத்துகிறது. ஆனாலும் அந்த ஒப்பீடு இல்லாமல் அரசை அசைத்திருக்க முடியாது. விடை தெரிந்த பிறகு அங்கும் அயோடின் உப்பு போய்ச் சேர்ந்தது. 1962இல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. 1992இல் அதன் பெயர் அயோடின் பற்றாக்குறைக் கோளாறுகள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மாறியது. கழலையைவிடக் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு வரும் கேடு பெரிது என்பதால்தான் அந்தப் பெயர் மாற்றம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கான தடை ஒருமுறை வந்து, 2000இல் விலக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் சிறு உற்பத்தியாளர்களும் அயோடின் கலக்கும் கட்டாயத்துக்கு வந்தது இந்தச் சட்டத்தால்தான்.

மலேசியாவின் பாதை வேறு. கடல் சூழ்ந்த நாடு என்பதால் நெடுங்காலம் இது சரவாக், சபா, தீபகற்பத்துப் பூர்வகுடிகள் ஆகியோரின் உள்நாட்டுப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கிரெஸ்வெல் ஈஸ்ட்மன், கிளென் மேபர்லி முதலியோர் சரவாக்கின் ஒரு கிராமத்துக் குடிநீர்க் குழாயிலேயே அயோடின் கலந்து, கழலை சுருங்குவதை வெளியிட்டனர். பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு அயோடின் உப்பு வேண்டும் என்ற சட்டம் அங்கே 1982இல் வந்தது. தீபகற்பத்தில் அயோடின் போதும் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது 2008இன் தேசிய ஆய்வு. 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் சிறுநீரில் அயோடினின் இடைநிலை அளவு ஒரு லிட்டருக்கு 109 மைக்ரோகிராம். போதுமானது என்ற எல்லை 100 என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் சிக்கல் இல்லை. ஆனால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த எல்லைக்குக் கீழே இருந்தனர். நாடு முழுவதற்கும் அயோடின் உப்பைக் கட்டாயமாக்கும் விதி 2020 செப்டம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கிலோ உப்புக்கு 20 முதல் 40 மில்லிகிராம் அயோடின். மெர்கோங் பலசரக்குக் கடையில் வாங்கும் உப்புப் பொட்டலமும் அன்று முதல் இந்த விதிக்குள் அடங்கியது. பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராமும் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இது சிட்டிகை உப்பு விவகாரம் அன்று. பிறக்கப் போகும் பிள்ளையின் படிப்பும் வாழ்வும் அதில் இருக்கின்றன.

இதற்கிடையே செல்லுக்குள் ஹார்மோன் எங்கே போய் அமர்கிறது என்ற தேடலும் முன்னேறியது. கோழிகளுக்கு இரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரசு உண்டு. அது இரண்டு மரபணுக்களைச் சுமந்து வருகிறது. ஆய்வாளர்கள் அவற்றை எர்ப்-ஏ, எர்ப்-பி என்று அழைத்தனர். எர்ப்-பி என்பது மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் வெட்டுப்பட்ட வடிவம் என்று 1984இல் தெரிந்தது. 1986இல் எர்ப்-ஏயின் இயல்பான வடிவம் தைராய்டு ஹார்மோனின் உட்கரு ஏற்பியே என்று கலிபோர்னியாவில் ரொனால்டு எவன்சின் குழுவும், ஜெர்மனியில் பியோன் வென்ஸ்ட்ரோமின் குழுவும் ஒரே சமயம் அறிவித்தன. மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டெடுத்த ஸ்டான்லி கோஹனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டு. தைராய்டு ஏற்பியும் வளர்ச்சிக் காரணி ஏற்பியும் ஒரே வைரசின் உடலில் சேர்ந்து ஒரு செல்லைக் கட்டுக்கடங்காமல் வளரச் செய்கின்றன. இந்த இரண்டு செய்தித் தடங்களும் ஒன்றோடொன்று பேசக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் அப்போது இல்லை. தைராய்டு குறைந்த எலிகளின் கல்லீரலில் மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளின் எண்ணிக்கை குறைவதும் ஹார்மோன் தந்தால் மீள்வதும் அக்காலத்திலேயே பதிவாகிவிட்டன.

குழாய்களின் பக்கம் 1971 ஒரு திருப்பம். பாஸ்டனின் ஜூடா ஃபோக்மன், கட்டி வளர்வதற்குப் புதிய நுண்குழாய்கள் தேவை, அவற்றைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று எழுதினார். பத்தாண்டுகளுக்கு மேல் பலர் அதை நம்பவில்லை. 1984இல் நார்செல் வளர்ச்சிக் காரணி தூய வடிவில் கிடைத்தது. 1989இல் நெப்போலியோனே ஃபெராரா குருதிக்குழாய் உட்படல வளர்ச்சிக் காரணியைப் பிரித்தார். அடுத்த சில ஆண்டுகளில் குழாயின் உட்சுவர்ச் செல்களில் அவை ஒட்டும் ஏற்பிகளும் அடையாளம் காணப்பட்டன. இந்த ஏற்பிகள் செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்கள். வெளியே காரணி வந்து பற்றினால் இரண்டிரண்டாகக் கூடி, உள்ளே பாஸ்பேட் குழுக்களைச் சேர்த்துச் செய்தியைத் தொடுக்கின்றன. கடைசியில் செல் பிரிகிறது, நகர்கிறது, குழாயாக முளைக்கிறது. தைராய்டு செல்களும் தூண்டப்படும்போது உட்படல வளர்ச்சிக் காரணியைச் சுரந்து சுற்றியுள்ள குழாய்களை வளர்க்கின்றன. கிரேவ்ஸ் நோயாளியின் கழுத்தில் பிளம்மர் கண்ட அந்த இரத்தச் செழிப்புக்கு இதில் ஒரு விளக்கம் கிடைத்தது.

ஹார்மோனே குழாய்களை வளர்க்கிறதா என்ற கேள்வியை முதலில் இதயம்தான் எழுப்பியது. தைராக்சின் கொடுத்த எலிகளின் இதயம் பெருத்தபோது நுண்குழாய்களும் அதற்கு ஈடாகப் பெருகின. உயர் இரத்த அழுத்தத்தால் பெருக்கும் இதயத்தில் அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் ஐயோவாவில் ராபர்ட் டோமனெக் குழுவினர், அந்த முளைப்பில் நார்செல் வளர்ச்சிக் காரணிக்குப் பங்கு உண்டு என்று 1998இல் காட்டினர்.

அடுத்த படியை எடுத்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஃபெய்த் டேவிஸ், பால் டேவிஸ், ஷாக்கர் மூசா, ஹுங்-யுன் லின் ஆகியோர். கருவுற்ற கோழிமுட்டையின் ஓட்டுக்கு அடியிலுள்ள சவ்வில் தைராக்சினை வைத்தால் மூன்று நாட்களில் புதிய குழாய்க் கிளைகள் தெளிவாகப் பெருகின. உட்கரு ஏற்பிதான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருக்கக்கூடிய இடம் அது. அவர்கள் தைராக்சினை அகரோசு மணிகளோடு பிணைத்தார்கள். அப்படிப் பிணைத்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைய முடியாது. ஆனாலும் குழாய்கள் முளைத்தன. ஆகவே செய்தி செல்லின் மேற்பரப்பிலேயே தொடங்குகிறது. நார்செல் வளர்ச்சிக் காரணியை எதிர்ப்பொருளால் கட்டிப்போட்டால் முளைப்பு நின்றது. செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் எர்க் நொதிகளைத் தடுத்தாலும் நின்றது. இந்த முடிவுகள் 2004இல் வெளியாயின. மறு ஆண்டு அந்த மேற்பரப்பு ஏற்பியின் பெயரும் தெரிந்தது: இன்டக்ரின் ஆல்ஃபா-வி பீட்டா-3. செல்லைச் சுற்றுத் திசுவோடு கட்டிப்பிடிக்க வைக்கும் புரதம் அது. புதிய குழாய் முளைக்க அது அவசியம் என்பதை டேவிட் செரெஷ் குழு 1994இலேயே காட்டியிருந்தது. தைராய்டு ஹார்மோனுக்கு அதில் ஓர் இருக்கை உண்டு என்பதுதான் புதிது.

இங்கே பழைய பாடம் தலைகீழாகிறது. உட்கருவில் வீரியமானது மூன்று அயோடின் வடிவம். மேற்பரப்பு இன்டக்ரினில் ஓங்கி நிற்பது நான்கு அயோடின் கொண்ட தைராக்சின். தைராக்சின் இன்டக்ரினில் அமர்ந்ததும் எர்க் வழி விழிக்கிறது. நார்செல் வளர்ச்சிக் காரணி போன்றவற்றின் மரபணுக்கள் திறக்கின்றன. செல் அந்தக் காரணியை வெளியே விடுகிறது. அது அதே செல்லின் மீதும் பக்கத்துச் செல்லின் மீதும் உள்ள ஏற்பியைத் தட்டுகிறது. இதோடு முடிவதில்லை. இந்த இன்டக்ரின் சவ்வில் தனியாக நிற்பதில்லை. உட்படல வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும், மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும் அதன் அண்டையில்தான் இருக்கின்றன. இன்டக்ரின் விழிப்பாக இருந்தால் அந்த ஏற்பிகள் தங்கள் காரணிக்கு வலுவாகப் பதில் தருகின்றன. அது முடக்கப்பட்டால் தளர்கின்றன. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பிக்கும் இதே ஒத்துழைப்பு உண்டு. குழாயின் நடுச்சுவரிலுள்ள மென்தசைச் செல்களில் அதை டேவிட் கிளெமன்ஸ் குழுவினர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வீட்டுச் சாவியைத் திருகும் கை ஒன்று, கதவைத் தள்ளும் தோள் ஒன்று என்பதைப் போல, காரணி திறக்க, தைராக்சின் ஏறிய இன்டக்ரின் தள்ளுகிறது.

இதற்கு எதிர்மருந்தும் ஹார்மோனின் குடும்பத்திலிருந்தே வந்தது. தைராக்சினின் ஓர் இயற்கைச் சிதைவுப் பொருளான டெட்ராக், இன்டக்ரினில் அதே இருக்கையைப் பிடித்துக்கொண்டு தைராக்சினை ஏறவிடாமல் செய்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் சேர்க்காத நிலையிலும் அது வளர்ச்சிக் காரணிகள் தூண்டும் குழாய் முளைப்பைக் குறைப்பதாகச் சோதனைக் கூடங்கள் காட்டின. செல்லுக்குள் போகாதபடி நுண்துகள்களோடு பிணைத்த டெட்ராக் வடிவங்களும் ஆராயப்பட்டன. இவை பெரும்பாலும் முட்டைச் சவ்விலும் எலிகளிலும் செல் வளர்ப்பிலும் கிடைத்த முடிவுகள். மருத்துவமனை மருந்தாக அவை வந்து சேரவில்லை. எச்சரிக்கையோடு மதிப்பிட வேண்டிய ஆராய்ச்சி இது. மனித உடலில் அன்றாட ஹார்மோன் அளவே குழாய்களை எவ்வளவு வளர்க்கிறது என்பதை முட்டைச் சவ்விலிருந்து நேராக எடுத்துச் சொல்லிவிட முடியாது.

நோயாளியின் உடலில் தெளிவாகத் தெரிவது வேறு சில. ஹார்மோன் மிகுந்தால் குழாய்கள் தளர்கின்றன, இரத்த ஓட்டத் தடை குறைகிறது, இதயம் விரைகிறது. குறைந்தால் குழாய்கள் இறுகி, நாடித்துடிப்பின் இடைவெளியில் இருக்கும் அழுத்தம் ஏறுகிறது, கொலஸ்டிரால் கூடுகிறது, குழாய்ச் சுவர் தடிக்கும் வாய்ப்பு வளர்கிறது. குழாய்த் தசைச் செல்களில் ஆஞ்சியோடென்சின் ஏற்பிகளைத் தைராய்டு ஹார்மோன் குறைப்பதும் இந்தத் தளர்வுக்கு ஒரு காரணம். ஆகவே இரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் ஏறிய ஒரு நடுத்தர வயதுப் பெண்ணிடம் உடல் சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் சேர்ந்திருந்தால், தைராய்டு தூண்டு ஹார்மோன் சோதனை இன்று வழக்கமான ஒன்று. குறைவு என்றால் நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை. மர்ரே ஆட்டுச் சுரப்பியிலிருந்து வடித்ததையே ஹாரிங்டனின் வேதியியல் மலிவு விலையில் தந்துவிட்டது.

இந்த அறிவு கெடாவின் தோட்டப் பிள்ளைகளை அடைந்த வழிகளில் ஒன்று கல்வி. மலேசிய இந்தியர் காங்கிரசின் கல்வி அமைப்பு எழுப்பிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் சுங்கை பட்டாணியில் தொடங்கி, பின்னர் பீடோங் அருகே செமிலிங்குக்கு இடம் மாறியது. மருத்துவமும் பல் மருத்துவமும் மருந்தியலும் அங்கே பயிற்றுவிக்கப்படுகின்றன. பாலிங், சிக் பக்கத்துச் சிகிச்சையகங்களிலிருந்து அனுப்பப்படுவோர் வந்து சேரும் பெரிய அரசு மருத்துவமனை, அலோர்ஸ்டாரில் 2007இல் திறந்த சுல்தானா பாஹியா மருத்துவமனை. குழாய் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த, உட்படல வளர்ச்சிக் காரணியைக் கட்டுப்படுத்தும் ஊசிகள் நீரிழிவுக்காரர்களின் கண்ணில் தேவையில்லாத குழாய் முளைப்பைத் தடுக்க இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. நீரிழிவு மிகுந்த மலேசியத் தமிழ்ச் சமூகத்துக்கு இது மிக நெருக்கமான செய்தி. அந்த முளைப்பிலும் இன்டக்ரின் ஆல்ஃபா-வி பீட்டா-3க்குப் பங்கு உண்டு என்பதால், அந்த இன்டக்ரினில் தைராக்சின் அமரும் இருக்கையைப் பற்றிய ஆராய்ச்சி கண் மருத்துவத்திலும் தொடர்கிறது.